எர்னஸ்ட் ஹெமிங்வே: பள்ளிப் பத்திரிகை வளர்த்த எழுத்தாளர்

பள்ளிகளிலும் கலாசாலைகளிலும் ஆண்டுதோறும் வெளிவரும் மலர்களைப் பெரும்பாலோர் ஒருமுறை புரட்டிப் பார்த்து மூலையில் வைத்துவிடுவர். அவற்றில் எழுதுவோரும் தம் பெயர் அச்சேறிய மகிழ்ச்சி தீர்ந்ததும் எழுதியதை மறந்துவிடுவது வழக்கம். ஆயினும் அத்தகைய எளிய ஏடுகளிலே முதன்முதல் எழுதிப் பழகிப் பின்னர் உலகறிந்த ஆசிரியராய் விளங்கினோர் சிலர் உளர். அவருள் ஒருவர் அமெரிக்க நாட்டவராகிய எர்னஸ்ட் ஹெமிங்வே. 1954-ஆம் ஆண்டில் இலக்கியத்திற்குரிய நோபெல் பரிசினைப் பெற்ற அப்பெரியார் கல்லூரியின் வாயிலை மிதித்தவரல்லர். புறநகர் ஒன்றிலே, பொதுமக்கள் செலுத்திய வரிப்பணத்தால் நடைபெற்று, ஆண் பெண் இருபாலாரும் ஒருங்கே பயின்ற ஓர் உயர்நிலைப் பள்ளியே அவருக்குக் கல்வி முழுமையும் அளித்தது. அப்பள்ளியில் அவர் கற்றது யாது, அவரை வளர்த்த ஊருக்கும் அவருக்கும் பின்னர்ப் பிணக்கு நேர்ந்தது எங்ஙனம் என்பவற்றை இக்கட்டுரையில் யாம் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

ஊரும் குடியும்

சிகாகோ மாநகரின் மேற்கே பத்து மைலுக்கு உட்பட்ட தொலைவில் ஓக் பார்க் என்னும் ஊர் உள்ளது. மாநகரின் புகையும் இரைச்சலும் விட்டு ஒதுங்கி வாழ விரும்பிய வைத்தியர், வழக்கறிஞர், வணிகர் முதலியோர் அங்கே மரநிழல் சூழ்ந்த தெருக்களில் வீடு கட்டிக் குடியேறினர். ஆலயங்கள் மலிந்த அவ்வூர் அந்நாளில் மதுக்கடைகளுக்கு இடங்கொடாதிருந்தது. ஒழுக்கமும் உழைப்பும் இறைபக்தியும் உடைய ஊர் என்று தன்னைத்தானே மதித்துக்கொண்ட ஊர் அது.

இவ்வூரில் 1899-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21-ஆம் நாள் எர்னஸ்ட் ஹெமிங்வே பிறந்தார். மக்கள் அறுவருள் அவர் இரண்டாமவர். தந்தையார் கிளாரன்ஸ் என்பவர் வைத்தியர். நோயாளர் வீடுகளுக்குச் சென்று மருந்தளிப்பதோடு, மரஞ்செடிகளையும் பறவை விலங்குகளையும் நுணுகி அறிந்தவர். சீட்டாட்டமும் நடனமும் அவருக்கு ஒவ்வாதன. தாயார் கிரேஸ் அம்மையார் இசைவல்லவர். இல்லத்திலேயே மாணவருக்கு இசை கற்பித்துப் பொருளீட்டியவர். பாட்டனார் உள்நாட்டு யுத்தத்தில் போர்புரிந்து, பின்னர்ச் சிகாகோ நகரத்துக் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் ஊழியஞ் செய்தவர். சுவிசேஷகர் மூடி அவர்களுக்கு நண்பர். சிற்றப்பனார் வில்லோபி என்பவர் வைத்திய மிஷனெரியாகச் சீன நாட்டு ஷான்சி மாகாணத்திற்குச் சென்று பணியாற்றினார். மிஷன் கலாசாலையிலே பயிலும் நமக்கு இச்செய்தியொன்றே அக்குடும்பத்தை அண்டை வீட்டார் போலாக்குகின்றது. குடும்ப ஜெபமும் ஞாயிறு வழிபாடும் தவறாத அவ்வீட்டின் இயல்பை, அத்தகைய வீடுகளில் வளர்ந்த நம்முட் பலர் எளிதில் உணர்வர்.

கோடை தோறும் குடும்பத்தார் மிச்சிகன் மாகாணத்தில் வாலூன் ஏரிக்கரையில் இருந்த தம் சிறு குடிலுக்குச் செல்வர். அங்கே மீன் பிடிக்கவும் துப்பாக்கி எடுத்து வேட்டையாடவும் காட்டிலே வழி கண்டு நடக்கவும் தந்தையார் மைந்தருக்குக் கற்பித்தார். அப்பகுதியில் வாழ்ந்த செவ்விந்தியரிடையே தந்தையார் மருத்துவம் புரிந்ததையும் சிறுவர் கண்டார். ஓக் பார்க்கின் ஒழுங்கான தெருக்கள் ஒருபுறமும் மிச்சிகன் காடு மறுபுறமுமாக அவருடைய இளமை கழிந்தது. பிற்காலத்தில் இளமையைப் பற்றி அவர் வரைந்த சிறந்த கதைகளெல்லாம் அக்காட்டையும் ஏரியையுமே நிலைக்களமாகக் கொண்டன.

பள்ளிப் பருவம்

1913-ஆம் ஆண்டில் எர்னஸ்டு ஓக் பார்க்கிற்கும் அதனை அடுத்த ரிவர் பாரஸ்டிற்கும் பொதுவாய் அமைந்த உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். 1907-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கட்டிடத்தில் அது நடைபெற்றது. தலைசிறந்தவற்றையே நாட வேண்டும் என்னும் கருத்துடைய கிரேக்கத் தொடர் ஒன்று அப்பள்ளியின் குறிக்கோளாய் விளங்கியது. சம்பளம் வாங்கிச் செல்வர் மக்களுக்கு மட்டும் கற்பிக்கும் தனியார் பள்ளியன்று அது. ஊரார் தம் மக்கள் அனைவர்க்குமாக நிறுவியது. ஆயினும் கல்வியின் தரத்தில் அது யாதொரு பள்ளிக்கும் தாழ்ந்ததன்று. இலத்தீனும் கணிதமும் விஞ்ஞானமும் வரலாறும் அங்கே கற்பிக்கப்பெற்றன, ஆங்கிலத்திற்குத் தனிச்சிறப்பளிக்கப்பட்டது. பழைய ஏற்பாட்டு வரலாறுகளும் ஆங்கில வகுப்பில் பாடமாயிருந்தன. சிறுசிறு வாக்கியங்களால் பெரியதோர் நிகழ்ச்சியைச் சொல்லி முடிக்கும் அவ்வேத நடை, வீட்டிலும் ஆலயத்திலும் பள்ளியிலும் ஒருங்கே அவர் செவியில் விழுந்தது. பிற்காலத்து அவருடைய உரைநடையை நோக்குவார்க்கு இவ்வொற்றுமை புலனாகாமற் போகாது.

எர்னஸ்டின் தமக்கையார் மார்சலின் ஒன்றரை ஆண்டு மூத்தவராயினும் தம்பியுடன் ஒரே வகுப்பிற் பயின்றார். ஒரே வகுப்பில் அமர்ந்து ஒரே கட்டுரைப் பொருளை இருவரும் எழுதுவர். பள்ளிப் பத்திரிகைப் பணியிலும் இருவர்க்கும் பங்கு உண்டு. பெண்மக்களின் எழுத்தும் ஆண்மக்களின் எழுத்தும் ஒரே தராசில் நிறுக்கப்பட்ட அவ்விடத்தில், தம்பியென்னும் சலுகையோ ஆணென்னும் சலுகையோ அவருக்கு இல்லை.

விளையாட்டிலே அவர் பெரும்புகழ் பெற்றாரல்லர். அமெரிக்க முறைக் காற்பந்தாட்டத்தில் அவர் உடல் விரைந்து இயங்கவில்லை. நீச்சலில் ஓரளவு தேர்ந்தார். தாயாரின் விருப்பத்திற்கிணங்கச் செல்லோ என்னும் நரம்புக்கருவி பயின்று பள்ளி இசைக்குழுவில் வாசித்தார்; அதிலும் சிறக்கவில்லை. நாடகத்தில் ஒரு வேடமும் புனைந்தார். பலவற்றிலும் கைவைத்துப் பார்த்த அம்மாணாக்கர் தம் இயல்புக்கேற்ற துறை இன்னதென்று கண்டுகொண்டது பள்ளிப் பத்திரிகையின் அறையிலேயாம்.

இரு பத்திரிகைகள்

அப்பள்ளியில் மாணாக்கரே நடத்திய வெளியீடுகள் இரண்டு இருந்தன. டிரப்பீஸ் என்பது வாரப் பத்திரிகை. டேபுலா என்பது இலக்கிய ஏடு. 1916-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், ஓர் இசைக் கச்சேரியைப் பற்றி எர்னஸ்டு எழுதிய செய்தி டிரப்பீஸில் வெளியாயிற்று. அது முதல் பள்ளியை விட்டு நீங்கும்வரை முப்பதுக்கு மேற்பட்ட செய்திகளும் கட்டுரைகளும் அதில் எழுதினார். அதன் ஆசிரியருள் ஒருவராகவும் பணியாற்றினார். சிகாகோப் பத்திரிகையில் நகைச்சுவை ததும்ப எழுதிப் புகழ்பெற்ற ரிங் லார்ட்னர் என்பவரைப் பின்பற்றி, தம் தோழரையும் தம்மையும் கேலி செய்து எழுதுவது அவருக்கு விருப்பம்.

டேபுலாவில் அதே ஆண்டில் அவருடைய சிறுகதைகள் மூன்று வெளிவந்தன. முதற்கதை வட நாட்டுப் பனிக்காட்டில் வாழும் வேட்டைக்காரர் இருவரைப் பற்றியது. தன் பணப்பையைத் தோழன் திருடினான் என்று ஐயுற்ற ஒருவன் அவனைக் கொல்லக் கண்ணி வைக்கின்றான். பின்னர், பையைக் கொண்டுபோனது ஓர் அணில் என்று கண்டு, தோழனைக் காக்க ஓடுகின்றான். காலம் கடந்துவிட்டது, தோழன் இறந்துகிடக்கத் தானும் கரடிப் பொறியில் அகப்படுகின்றான். இரண்டாவது குத்துச்சண்டை பற்றிய வேடிக்கைக் கதை. மூன்றாவது செவ்விந்தியன் ஒருவன் வாய்மொழியாக வரும் பழிவாங்கும் கதை. இவை பதினாறு, பதினேழு வயதினர் எழுதும் கதைகளே. பிறர் நடையின் சாயல் அவற்றில் மிகுதியும் உண்டு. ஆயினும் கதையின் முடிவைச் சொல்லும்போது இரங்கலும் புலம்பலும் இன்றி நிகழ்ந்ததை மட்டும் கூறி நிறுத்தும் ஆற்றல் அப்போதே தலைகாட்டுகின்றது.

இவ்வாற்றலை இனங்கண்டவர் ஆசிரியைமார் இருவர். பானி பிக்ஸ் அம்மையார் மாணாக்கரின் கதைகளை வகுப்பிலே உரக்கப் படிக்கச்செய்து, யாவரும் அவற்றின் குறைநிறைகளை ஆராயும்படி செய்தார். மார்கரெட் டிக்ஸன் அம்மையார் மனத்திற் பட்டதை மறையாமற் கூறும் இயல்பினர். மாணாக்கரும் அங்ஙனமே எழுத வேண்டுமென்று தூண்டினார். தாம் எழுதியது தோழர் நாற்பதின்மர் செவியில் விழும்போது அது நன்றா அன்றா என்பது எழுதினவனுக்கே தெரிந்துவிடும். ஆசிரியரின் சிவப்பு மையைவிட இத்தேர்வு கடியது.

1917-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் எர்னஸ்டும் மார்சலினும் ஒன்றாகத் தேறி வெளிவந்தனர். வகுப்புத் தோழர் ஒவ்வொருவரும் எதிர்காலத்தில் என்னாவர் என்று நகைச்சுவையோடு உரைக்கும் பொறுப்பு எர்னஸ்டிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. தம் எதிர்காலம் என்னாகும் என்பதை அவர் அறிந்திலர்.

செய்தித்தாளும் போர்முனையும்

தந்தையார் தாம் பயின்ற ஓபர்லின் கல்லூரிக்கு மைந்தரை அனுப்ப விரும்பினார். மைந்தரோ அதற்கு இசையாது, 1917 அக்டோபரில் கான்ஸாஸ் ஸிட்டி ஸ்டார் என்னும் செய்தித்தாளில் பயிற்சி நிருபராய் அமர்ந்தார். நிருபர்கள் எழுதவேண்டிய முறையை அப்பத்திரிகை விதிகளாக வகுத்து அச்சிட்டுக் கொடுத்திருந்தது. வாக்கியம் சிறியதாயிருத்தல் வேண்டும். தொடக்கப்பத்தி சுருங்கியிருத்தல் வேண்டும். வீண் அடைமொழிகள் விலக்கப்படல் வேண்டும் என்பன அவற்றுட் சில. பள்ளியிற் பெற்ற பயிற்சிக்கு இவ்விதிகள் கரைகட்டின. காவல் நிலையத்திற்கும் மருத்துவமனைக்கும் ஓடியோடிச் செய்தி திரட்டிய ஆறேழு திங்களே அவருக்குக் கல்லூரியாயின.

அப்போது முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கண்பார்வைக் குறைவால் படையிற் சேர இயலாத எர்னஸ்டு, 1918-இல் செஞ்சிலுவைச் சங்கத்து வண்டியோட்டியாய் இத்தாலி சென்றார். ஜூலை 8-ஆம் நாள் இரவு, பியாவே ஆற்றங்கரையில் பொஸால்டா என்னுமிடத்தில், வீரர்க்குச் சாக்கலேட்டும் சிகரெட்டும் வழங்கிக்கொண்டிருந்தபோது பகைவர் குண்டு அருகில் வீழ்ந்து வெடித்தது. இருநூறுக்கு மேற்பட்ட இரும்புத் துண்டுகள் அவர் கால்களிற் பாய்ந்தன. பத்தொன்பது வயது நிறைய இன்னும் சில நாட்களே இருந்தன. இத்தாலிய அரசாங்கம் வெள்ளிப் பதக்கம் அளித்தது. மிலான் நகர மருத்துவமனையில் நெடுநாள் கிடந்து, 1919 ஜனவரியில் தாய்நாடு திரும்பினார்.

பள்ளி மேடையில்

இவ்விடத்தே நம் சிந்தனைக்குரிய நிகழ்ச்சியொன்று உண்டு. 1919 மார்ச்சுத் திங்களில் தம் பழைய பள்ளியில் மாணாக்கர் கூட்டத்தின்முன் போர் அனுபவங்களைப் பற்றி அவர் பேசினார். குண்டுகள் துளைத்த தம் காற்சட்டையை உயர்த்திக் காட்டினார். இரண்டாண்டுகளுக்குமுன் அங்கே மாணவராய் இருந்தவரை மாவீரராகக் கண்ட சிறுவர் சிறுமியர் மெய்சிலிர்த்தனர். அவர் பட்ட புண் மெய்யானதே. ஆனால் அந்நாட்களில் அவர் கூறிவந்த வரலாறு முற்றும் மெய்யானதன்று. தாம் இத்தாலியக் காலாட்படையோடு நின்று போர்புரிந்தவர் போலவும் அவர் பேசினார். கேட்போர் விரும்பியது வீரக்கதை. அவர் அதனையே வழங்கினார்.

இக்குற்றத்தை வேறெவரும் சுட்டிக்காட்டுமுன் அவர் உள்ளமே சுட்டிக்காட்டியிருத்தல் வேண்டும் என்று யாம் கருதுகின்றோம். 1925-இல் வெளிவந்த அவருடைய சிறுகதையொன்று, போரிலிருந்து காலந்தாழ்த்து வீடு திரும்பிய இளைஞன் ஒருவனைப் பற்றியது. உள்ளதை உள்ளபடி கூறினால் ஊரார் கேட்பதில்லை. ஆகவே அவன் சிறிது சிறிதாகப் பொய் கலந்து கூறுகின்றான். முடிவில் அப்பொய்களால் தன் மெய்யான அனுபவங்களும் மதிப்பிழந்து போனதை உணர்ந்து மனம் வெறுக்கின்றான். தாய் அவனோடு முழந்தாளிட்டு ஜெபிக்கின்றாள். அவனால் ஜெபிக்க இயலவில்லை. பள்ளி மேடையில் தவறிய ஒருவர், அத்தவற்றை எழுத்தில் ஒப்புக்கொண்டது போன்று இக்கதை நமக்குத் தோன்றுகின்றது. கேட்போர்க்கு இனியதைக் கூறாது உள்ளதைக் கூறுவதே எழுத்தாளன் கடன் என்னும் உறுதி அவருக்கு இவ்வாறே பிறந்தது போலும்.

திரும்பி வந்த புத்தகங்கள்

1921-ஆம் ஆண்டின் இறுதியில் மனைவியார் ஹாட்லியுடன் பாரிஸ் நகரஞ் சென்று, கனடா நாட்டுச் செய்தித்தாளொன்றுக்கு எழுதிக்கொண்டே இலக்கியம் பயின்றார். 1922-இல் அவர் எழுதி வைத்திருந்த கைப்பிரதிகள் ஏறக்குறைய யாவும் இரயில் நிலையத்திற் பெட்டியோடு களவுபோயின. மனம் நொந்தும் மீண்டும் எழுதினார். 1924-இல் சிறு நூலொன்று பாரிஸில் 170 பிரதிகளே அச்சாகி வெளிவந்தது. பெற்றோர் பெருமகிழ்ச்சியோடு சில பிரதிகள் வரவழைத்தனர். போரின் கொடுமையையும் போர்வீரர் சிலரின் இழிந்த ஒழுக்கத்தையும் மறையாது கூறிய அந்நூலைப் படித்த தந்தையார் அருவருத்தார். இத்தகைய நூல் தம் வீட்டில் இருத்தலாகாது என்று பிரதிகளைப் பதிப்பாளருக்கே திருப்பியனுப்பினார். 1926-இல், பிரசங்கியின் நூலிலிருந்து தலைப்பெடுத்துக்கொண்ட அவருடைய முதற்பெரு நாவல் வெளிவந்தபோது, தாயாரும் அதனைக் கடிந்து கடிதம் எழுதினார்.

பெற்றோர் செய்தது தவறென்று எளிதிற் கூறிவிடலாம். யாம் அங்ஙனம் கூறத் துணியோம். தீயதைப் பேசாதிருத்தலே தூய்மை என்று அவர்கள் மெய்யாகவே நம்பினர். தீமை உளதென்பதை மறைப்பது பொய்யென்று மைந்தர் நம்பினார். இருவரும் தலைசிறந்ததையே நாடினர். அஃது எது என்பதிலேதான் வேறுபட்டனர். வேதாகமத்தைக் கையிலேந்திய நாம், தாவீது அரசனின் பாவத்தையும் பேதுருவின் மறுதலிப்பையும் அது மறையாமற் கூறுவதை மறத்தலாகாது. உள்ளதைச் சொல்லும் எழுத்தைக் கண்டு விசுவாசம் அஞ்சவேண்டுவதில்லை. எனினும் மைந்தரும் பெற்றோரைப் பொறுமையுடன் அணுகினாரல்லர். தாயாருக்குப் பிற்காலத்தில் பொருளுதவி செய்துவந்தும் அவர்பால் கொண்ட கசப்பை மாற்றிக்கொள்ளவில்லை. உண்மையை எழுதுவது எளிது. அதனை அன்போடு வாழ்வது அரிது.

புகழும் முடிவும்

1929-இல் இத்தாலியப் போரைப் பற்றிய நாவலும், 1940-இல் ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரைப் பற்றிய நாவலும் அவர் புகழை உலகெங்கும் பரப்பின. 1952-இல் கிழவனும் கடலும் என்னும் சிறு நாவல் வெளிவந்தது. 84 நாள் மீனொன்றும் அகப்படாத கியூபா நாட்டு முதிய செம்படவன் ஒருவன், பெருமீன் ஒன்றைப் பிடித்தும் கரைசேருமுன் அதனைச் சுறாக்களுக்கு இழந்து, எலும்பை மட்டும் இழுத்துவரும் கதை அது. தோல்வியிலும் மனிதன் சிறுமையுறாதிருத்தல் கூடும் என்பதை அது காட்டுகின்றது. 1953-இல் புலிட்ஸர் பரிசும் மறு ஆண்டில் நோபெல் பரிசும் வந்தெய்தின. அவ்வாண்டு ஜனவரியில் ஆப்பிரிக்காவில் இருமுறை விமான விபத்துக்குள்ளாகி உடல் நலிந்திருந்தமையின் பரிசளிப்புக்கு அவர் நேரிற் செல்லவில்லை. அவருடைய உரையை அமெரிக்கத் தூதரே படித்தார்.

வாழ்க்கையில் அவருக்கு அமைதி வாய்த்ததில்லை. நான்குமுறை மணஞ் செய்தார். மதுப் பழக்கம் மிகுந்தது. நண்பர் பலரைப் பகைத்தார். தந்தையார் 1928-இல் உடல்நோயாலும் பணக்கவலையாலும் துயருற்றுத் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மைந்தரும் மனநோயால் வருந்தி மருத்துவம் பெற்றும் குணமடையாது, 1961-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் ஐடஹோ மாகாணத்துக் கெட்சம் என்னும் ஊரில் அவ்வாறே முடிவெய்தினார். இதனைக் குறித்துத் தீர்ப்புக் கூறுவது நம் பணியன்று. நோயுற்ற மனத்தின் சுமையைத் தன்னந்தனியே சுமப்பவர் நம்மிடையேயும் இருக்கலாம். அத்தகையோர் ஒருவரிடமேனும் வாய்திறந்து சொல்லவும், கேட்போர் இகழாது செவிசாய்க்கவும் வேண்டுமென்பதே இம்முடிவு நமக்கு உணர்த்துவதாம்.

முடிவுரை

அப்பள்ளியிற் பயின்று புகழ்பெற்றோர் வேறு சிலரும் உளர். போருக்குச் செல்லும் விருப்பால் படிப்பை இடையில் விட்ட ரே கிராக், பின்னர் மக்டானல்டு உணவுச்சாலைகளை நாடெங்கும் பரப்பிப் பெருஞ் செல்வரானார். கரோல் ஷீல்ட்ஸ் அம்மையார் கனடாவிற் குடியேறி நாவல்கள் இயற்றி 1995-இல் புலிட்ஸர் பரிசு பெற்றார். ஊராரின் வரிப்பணத்தால் நடந்த ஒரு பள்ளி நாட்டிற்கு ஈந்த செல்வம் இது. ஒருகாலத்தில் ஹெமிங்வேயின் நூலை வீட்டினின்றும் வெளியேற்றிய ஓக் பார்க்கு, பின்னர் அவர் பிறந்த வீட்டைப் பேணிக் காக்க முன்வந்தது.

அன்பர்களே, இம்மலரில் எழுதும் நாம் அனைவரும் ஹெமிங்வேக்கள் ஆகப்போவதில்லை. ஆனால் அவர் பள்ளிப் பத்திரிகையிற் கற்ற பாடம் நமக்கும் உரியது. பிறர் நடையை இரவல் வாங்கித் தொடங்கினாலும் அதனிடத்தே நின்றுவிடலாகாது. கேட்போர் கைகொட்டுவதற்காக ஒரு சொல்லும் கூட்டலாகாது. எழுதியதைத் தோழர் முன்னிலையில் படிக்க நாணமில்லாதிருத்தல் வேண்டும். பத்தொன்பது வயதில் மேடையேறி மிகைபடக் கூறியவர், அம்மிகையை வெல்ல வாழ்நாள் முழுதும் உழைத்தார். அதே வயதில் பேனா எடுக்கும் நாம் அவ்வுழைப்பை இன்றே தொடங்குவோமாக.